கல்யாணம் ஆகவில்லை, பாஸ்போர்ட்டும் வேறு வேறு: சேர்ந்து வாழ என்ன வழி?

நீங்கள் இந்தியக் குடியுரிமை, அவர் வேறு நாட்டுக் குடியுரிமை. சேர்ந்துதான் வாழ்வது என்று இரண்டு பேரும் முடிவு பண்ணிவிட்டீர்கள், ஆனால் கல்யாணம் இன்னும் ஆகவில்லை, வீட்டு நிலவரத்தைப் பார்த்தால் இப்போதைக்கு ஆகிற மாதிரியும் தெரியவில்லை. இப்படி இருப்பவர்களுக்கு எந்த நாடு என்ன வழி வைத்திருக்கிறது, அதில் நம் டெல்டாப் பக்கத்து ஆட்கள் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள் என்பதை முதல் படியிலிருந்து சொல்கிறேன்.

வெளிநாடு நமக்குப் புதிதில்லை. கூத்தாநல்லூர், நாகூர்ப் பக்கம் பல தலைமுறையாகச் சிங்கப்பூர், மலேசியா என்று போய் வந்துகொண்டிருக்கிறார்கள். காரைக்காலில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இன்றைக்கும் இருக்கின்றன. மன்னார்குடி, பட்டுக்கோட்டை ஆட்களைத் திருச்சி விமான நிலையத்தில் எந்த நேரமும் பார்க்கலாம். ஆனால் அன்றைய வரிசை வேறு: பையன் லீவில் வருவான், பெண் பார்ப்பார்கள், கல்யாணம் நடக்கும், அப்புறம்தான் விசா. இன்றைக்கு மெல்போர்னில் படிக்கப் போன இடத்தில், துபாய் ஆபீஸில், சில சமயம் போன் வழியாகவே உறவு முதலில் வந்துவிடுகிறது, கல்யாணப் பேச்சு பின்னால் வருகிறது, அல்லது வராமலே போகிறது. சட்டம் இந்த வரிசை மாற்றத்தைச் சில நாடுகளில் ஏற்றுக்கொண்டுவிட்டது, சில நாடுகளில் துளியும் ஏற்கவில்லை. எந்த நாடு எந்தப் பக்கம் என்று தெரியாமல் பணத்தையும் வருடங்களையும் விடுகிறார்கள் என்பதுதான் என் கவலை.

முதலில் அடிப்படை. ஒரு ஜோடியைக் குடியேற்றச் சட்டம் மூன்று விதமாகப் பார்க்கும். கல்யாணம் ஆனவர்கள். குறிப்பிட்ட காலத்துக்குள் கல்யாணம் செய்யப்போகிறோம் என்று சொல்கிறவர்கள். கல்யாணம் இல்லாமலே கணவன் மனைவி போல வாழ்கிறவர்கள். இந்த மூன்றிலும் சேராத "நாங்கள் காதலிக்கிறோம்" என்பதற்கு மட்டும் குடியேற்ற விசா கிடைக்காது. எத்தனை வருடக் காதலாக இருந்தாலும், சேர்ந்து ஒரு வாழ்க்கை நடத்துகிறீர்கள் அல்லது நடத்தப்போகிறீர்கள் என்பதைக் காகிதத்தில் காட்டியாக வேண்டும்.

இரண்டாவது கேள்வி, அந்த நாட்டில் இருக்கிறவர் அங்கே யார்? குடிமகனா, பிஆர் (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) வைத்திருப்பவரா, அல்லது படிப்பு விசாவிலோ வேலை விசாவிலோ இருப்பவரா? குடிமகனும் பெரும்பாலும் பிஆரும் தன் துணையை ஸ்பான்சர் செய்யலாம். மாணவரோ தற்காலிக வேலைக்காரரோ ஸ்பான்சர் செய்ய முடியாது, தன்னோடு டிபென்டன்ட் (தன் விசாவைச் சார்ந்து வருகிறவர்) ஆகச் சேர்த்துக்கொள்ளத்தான் முடியும், அதுவும் எல்லா விசாவிலும் நடக்காது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ஏஜென்டிடம் போய் உட்கார்ந்தால் அவர் எதை வேண்டுமானாலும் விற்றுவிடுவார்.

கனடா

நம் பக்கத்துக்கு அதிகம் பொருந்துவது இது என்பதால் கொஞ்சம் விரிவாக. நீடாமங்கலத்துப் பெண், யாழ்ப்பாணத்தில் பிறந்து டொராண்டோவில் வளர்ந்த பையன் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேருக்கும் ஒரே மொழி, ஒரே சாமி, சாப்பாட்டில்கூடப் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் அவர் கனடியக் குடிமகன், இவர் இந்தியர், சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான்.

கனடாவில் நிச்சயம் ஆனவர்களுக்கென்று தனி விசா கிடையாது. மனைவி அல்லது கணவன், காமன் லா பார்ட்னர், கான்ஜுகல் பார்ட்னர் என்று மூன்று வகைதான். காமன் லா என்றால் கணவன் மனைவி போன்ற உறவில் குறைந்தது 12 மாதம் தொடர்ந்து ஒரே வீட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். இடையில் வேலைக்காகவோ வீட்டில் ஒரு சாவு, கல்யாணம் என்றோ சில நாள் பிரிந்திருந்தால் பாதகமில்லை, ஆனால் மூன்று மாதம் இங்கே, இரண்டு மாதம் அங்கே என்று துண்டு துண்டாகச் சேர்த்து 12 மாதக் கணக்குக் காட்ட முடியாது. அந்த ஒரு வருடத்தைக் கனடாவில்தான் வாழ்ந்திருக்க வேண்டும் என்றில்லை. துபாயிலோ சென்னையிலோ வாழ்ந்திருந்தாலும் செல்லும். பெண் விசிட்டர் விசாவில் போய், நியாயமான காரணம் சொல்லி முறைப்படி நீட்டித்து, அங்கேயே ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்து, பிறகு உள்ளிருந்தே விண்ணப்பிக்கிற ஜோடிகளும் உண்டு. அது சட்டத்துக்கு உட்பட்ட வழிதான், நீட்டிப்பு கிடைக்கும் என்ற உத்தரவாதம் மட்டும் இல்லை.

கான்ஜுகல் பார்ட்னர் என்கிற மூன்றாவது வகையைப் பற்றி நம் ஆட்களிடம் நிறையத் தப்பான நம்பிக்கை இருக்கிறது. "சேர்ந்து வாழ முடியவில்லை, வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் இதில் போடலாம்" என்று சொல்லிவிடுகிறார்கள். இது கனடாவுக்கு வெளியே இருக்கிற பார்ட்னருக்கானது. குறைந்தது ஒரு வருட ஆழமான உறவு இருக்க வேண்டும், அதோடு கல்யாணமும் செய்ய முடியாமல், சேர்ந்தும் வாழ முடியாமல் தடுக்கிற வலுவான காரணம் இருக்க வேண்டும். முந்தைய கல்யாணத்திலிருந்து விவாகரத்து வாங்க அந்த நாட்டுச் சட்டமே இடம் தராதது, தன்பாலினத்தவர் என்பதால் கல்யாணம் முடியாதது, ஒருவர் நாட்டுக்குள் மற்றவர் நுழையவே முடியாதது போன்றவை அந்தக் காரணங்கள். அப்பா சம்மதிக்கவில்லை என்பது அதிகாரியின் கண்ணில் பெரும்பாலும் தடையாக நிற்காது, ஏனென்றால் இந்தியச் சட்டப்படி வயது வந்த இரண்டு பேர் அப்பா சம்மதம் இல்லாமலே கல்யாணம் செய்துகொள்ளலாம். இது கேட்கக் கொடுமையாக இருக்கும். சாதி மாறிய கல்யாணத்தில் உயிருக்கே ஆபத்து என்ற நிலை நம் ஊரில் உண்மையிலேயே உண்டு. அப்படி இருந்தால் போலீஸ் புகார், கோர்ட் பாதுகாப்பு உத்தரவு என்று ஆவணத்தோடு காட்ட வேண்டும், வாய்வார்த்தையாக எழுதினால் நிற்காது.

இன்னொன்று, இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கனடாவுக்குத் தனியாக பிஆர் விண்ணப்பம் போடுகிறவர், ஏற்கெனவே ஒருவரோடு ஒரு வருடத்துக்கு மேல் வாழ்ந்துகொண்டிருந்தால், படிவத்தில் "சிங்கிள்" என்று போடக் கூடாது. வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில் அப்படிப் போட்டு, பிஆர் வாங்கிப் போய் இறங்கிவிட்டால், பிற்பாடு அதே துணையைக் குடும்ப வகையில் ஸ்பான்சர் செய்கிற உரிமையே போய்விடலாம். முதலில் சொல்லாமல் விட்டவரைப் பின்னால் சேர்க்க முடியாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. பொய்த் தகவல் என்று முடிவானால் ஐந்து வருடத் தடை வேறு.

ஆஸ்திரேலியா, பிரிட்டன், நியூசிலாந்து

ஆஸ்திரேலியாவில் கல்யாணம் ஆகாத துணைக்கு டி ஃபேக்டோ என்று பெயர். பார்ட்னர் விசா உள்ளிருந்து போட்டால் 820, பிறகு 801. வெளியிலிருந்து போட்டால் 309, பிறகு 100. முதலில் தற்காலிகம், விண்ணப்பித்து இரண்டு வருடம் கழித்து நிரந்தரத்துக்குப் பரிசீலனை. விண்ணப்பிக்கும் முன் குறைந்தது 12 மாதம் டி ஃபேக்டோ உறவில் இருந்திருக்க வேண்டும். ஆனால் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, குயின்ஸ்லாந்து போன்ற மாநிலங்களில் உறவைப் பதிவு செய்துகொள்ள ஓர் ஏற்பாடு இருக்கிறது. அது கல்யாணப் பதிவு கிடையாது, உறவுப் பதிவு. அதைச் செய்துவிட்டால் 12 மாத நிபந்தனை விலகிவிடும். மேற்கு ஆஸ்திரேலியாவில் இந்த வசதி இல்லை, அதனால் பெர்த்தில் இருக்கிறவர்கள் சிட்னி நண்பர் சொன்னதைக் கேட்டு ஏமாற வேண்டாம்.

அங்கே அதிகாரி நான்கு பக்கத்திலிருந்து பார்ப்பார்: பணம் எப்படிப் பகிர்கிறீர்கள், வீடு எப்படி நடக்கிறது, ஊர் உறவு உங்களை ஜோடியாக அறிந்திருக்கிறதா, எதிர்காலத்துக்கு என்ன பொறுப்பு எடுத்திருக்கிறீர்கள். மூன்றாவதில்தான் நம் ஆட்கள் விழுகிறார்கள். அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன். கட்டணம் ஒன்பதாயிரம் ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டிவிட்டது, நிராகரித்தாலும் திரும்ப வராது, எனவே ஆதாரம் பழுக்கும் முன்னால் அவசரப்பட்டுப் போடாதீர்கள். கல்யாணம் செய்யத்தான் போகிறீர்கள் என்றால் 300 என்ற விசா உண்டு. நேரில் சந்தித்திருக்க வேண்டும், விசா காலத்துக்குள் கல்யாணம் முடித்து மறுபடி பார்ட்னர் விசா போட வேண்டும். விசிட்டர் விசாவில் போய் அங்கிருந்தே 820 போடலாம் என்று நினைப்பவர்கள் அந்த விசாவில் 8503 என்ற நிபந்தனை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் உள்ளிருந்து இன்னொரு விசா கேட்க முடியாது.

பிரிட்டனில் ஒரு நல்ல மாற்றம் வந்தது. முன்பு இரண்டு வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்ததைக் காட்டச் சொன்னார்கள். ஜனவரி 2024 இறுதியிலிருந்து, கல்யாணத்துக்கு ஒப்பான உறவு இரண்டு வருடம் இருந்தால் போதும், ஒரே வீடு கட்டாயம் இல்லை. வேலை, படிப்பு காரணமாகப் பிரிந்து இருந்தாலும், கல்யாணத்துக்கு முன் சேர்ந்து வாழ்வதைப் பண்பாடு ஏற்காத இடமாக இருந்தாலும், அதை எடுத்துச் சொல்ல இடம் இருக்கிறது. தஞ்சாவூரில் வீடு எடுத்துச் சேர்ந்து வாழ முடியாத ஜோடிக்கு இது பெரிய விஷயம். ஆனால் உறவு உண்மையானது என்று காட்டுகிற சுமை அதனால் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. ஒரே முகவரி இல்லாதபோது மற்ற எல்லாமே கனமாக இருக்க வேண்டும்.

கல்யாணம் செய்ய உள்ளவர்களுக்கு ஆறு மாத விசா ஒன்று உண்டு, அந்த ஆறு மாதத்தில் வேலை செய்ய முடியாது. எந்த வகையாக இருந்தாலும் ஸ்பான்சருக்கு வருடம் 29,000 பவுண்டு வருமானம் வேண்டும் என்று ஏப்ரல் 2024-ல் ஏற்றிவிட்டார்கள், அதற்கு முன் 18,600. விண்ணப்பக் கட்டணத்தோடு சுகாதாரக் கட்டணம் வருடத்துக்கு 1,035 பவுண்டு தனி. அங்கே படிக்கப் போகிறவர் துணையை டிபென்டன்ட் ஆகக் கூட்டிக்கொண்டு போவது 2024 ஜனவரியிலிருந்து பெரும்பாலான படிப்புகளுக்கு நின்றுவிட்டது, ஆராய்ச்சிப் படிப்பு போன்ற சிலவற்றுக்கு மட்டும் இருக்கிறது. கேர் வொர்க்கர் (பராமரிப்பு) வேலைக்குப் புதிதாகப் போனவர்களுக்கும் மார்ச் 2024-லிருந்து டிபென்டன்ட் கிடையாது என்றாக்கினார்கள், ஜூலை 2025-லிருந்து அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதே நின்றுவிட்டது. இதைச் சொல்லாமல் பணம் வாங்கிய ஏஜென்டுகளால் பிரிந்து கிடக்கிற ஜோடிகள் நிறைய.

நியூசிலாந்து சுருக்கமாக: நிரந்தர விசாவுக்கு 12 மாதம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும், அதற்குக் குறைவாக இருந்தால் உறவு உண்மை என்று காட்டித் தற்காலிக விசா வாங்கிப் போய் மீதி மாதங்களை அங்கே நிறைவு செய்யலாம்.

அமெரிக்கா

இங்கே கல்யாணம் இல்லாத துணைக்குக் குடியேற்ற வழி கிடையாது. எத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்திருந்தாலும் சரி. இருப்பது கே-1, அதாவது கல்யாணம் செய்யப் போகிறவருக்கான விசா. அதை அமெரிக்கக் குடிமகன் மட்டுமே போட முடியும், கிரீன் கார்டு வைத்திருப்பவர் போட முடியாது. விண்ணப்பிப்பதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் ஒரு முறையாவது நேரில் சந்தித்திருக்க வேண்டும். வீடியோ காலில் மட்டும் பார்த்துப் பேசியது போதாது. உள்ளே போய் 90 நாளுக்குள் அதே நபரைக் கல்யாணம் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் திரும்பி வந்துவிட வேண்டும், அந்த 90 நாளை நீட்டிக்க முடியாது.

ஹெச்-1பி என்ற வேலை விசாவில் இருக்கிறவர் தன் துணைக்கு ஹெச்-4 வாங்கிவிடலாம் என்று நினைப்பதும் பொதுவான தப்பு. ஹெச்-4 கல்யாணம் ஆன துணைக்குத்தான். சேர்ந்து வாழ்கிற பார்ட்னர் பி-2 விசிட்டர் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம், உறவைச் சொல்லியே கேட்கலாம், அதிகாரி விரும்பினால் தருவார், வேலை செய்ய முடியாது. இன்னொரு பக்கம், விசிட்டர் விசாவில் "சும்மா சுற்றிப் பார்க்க" என்று சொல்லி உள்ளே போய் உடனே கல்யாணம் செய்து கிரீன் கார்டு போடுவது. போகும்போதே அந்த எண்ணம் இருந்தது என்று தெரிந்தால் அது பொய் சொல்லி நுழைந்ததாகிவிடும், அதன் விளைவு வாழ்நாள் முழுக்கத் துரத்தும். ஊரில் யாராவது அப்படிச் செய்து தப்பித்திருக்கலாம், அதை நம்பி நீங்கள் இறங்காதீர்கள்.

ஐரோப்பாவும் காரைக்காலும்

ஐரோப்பா ஒரே நாடு போலத் தோன்றினாலும் இந்த விஷயத்தில் நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. ஜெர்மனியில் கல்யாணம் ஆகாத வெளிநாட்டுத் துணைக்குப் பொதுவாக வழி இல்லை, கல்யாணம் செய்வதற்கென விசா வாங்கிப் போய் அங்கே செய்துகொள்ளலாம், ஏ1 அளவு, அதாவது ஆரம்ப நிலை ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும். நெதர்லாந்து கல்யாணம் ஆகாத துணையை ஏற்கிறது, இரண்டு பேருக்கும் 21 வயது, ஸ்பான்சருக்கு வருமானம், வருகிறவருக்கு மொழியும் சமூகமும் பற்றிய ஒரு தேர்வு. ஸ்வீடனில் இனிமேல்தான் சேர்ந்து வாழப்போகிறோம் என்பவர்களும் விண்ணப்பிக்கலாம், உறவு உண்மையா என்று துருவிப் பார்ப்பார்கள்.

பிரான்ஸ் நம் வாசலில் இருக்கிற நாடு. 1962-ல் புதுச்சேரி, காரைக்கால் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளத் தேர்ந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் அந்த பாஸ்போர்ட்டோடு இருக்கிறார்கள். எனவே திருமலைராயன்பட்டினத்துப் பையன் பிரெஞ்சுக் குடிமகன், பக்கத்தில் தரங்கம்பாடிப் பெண் இந்தியக் குடிமகள் என்ற ஜோடி இங்கே சாதாரணம். பிரான்ஸில் 1999 முதல் பாக்ஸ் என்ற பதிவு ஒப்பந்தம் இருக்கிறது, கல்யாணம் இல்லாமல் இரண்டு பேர் சேர்ந்து வாழப் பதிவு செய்துகொள்வது. ஆனால் பாக்ஸ் போட்டதும் ரெசிடென்ஸ் கார்டு தானாக வந்துவிடாது. சேர்ந்து வாழ்ந்ததை, பொதுவாக ஒரு வருடத்துக்கு, காட்ட வேண்டும். கல்யாணம் என்றால் வழி நேரானது. அதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு: இந்தியாவில் கல்யாணம் செய்வதற்கு முன்னாலேயே புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் கல்யாணத்துக்குத் தகுதிச் சான்று வாங்கி, கல்யாணத்துக்குப் பின் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். முதல் படியை விட்டுவிட்டுத் தாலி கட்டிய பிறகு ஓடினால் மாதக்கணக்கில் இழுக்கும்.

சிங்கப்பூர், வளைகுடா

சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸ் அல்லது எஸ் பாஸில், மாதம் 6,000 சிங்கப்பூர் டாலர் நிலையான சம்பளத்துக்குக் குறையாமல் வாங்குகிறவர், காமன் லா துணைக்கு நீண்ட கால விசிட் பாஸ் கேட்கலாம். வொர்க் பெர்மிட்டில் இருக்கிறவர்கள் இதை நினைத்தே பார்க்க முடியாது. அதைவிட முக்கியம்: வொர்க் பெர்மிட்டில் இருக்கிறவரும், முன்பு இருந்தவரும், சிங்கப்பூர்க் குடிமகனையோ பிஆரையோ கல்யாணம் செய்ய அங்கே உள்ள மனிதவள அமைச்சகத்தின் அனுமதி வேண்டும், கல்யாணம் திருவாரூரில் நடந்தாலும் சரி. இது தெரியாமல் இங்கே கோவிலில் கல்யாணத்தை முடித்துவிட்டுப் போனால் திரும்ப உள்ளே நுழைவதே சிக்கலாகிவிடும். சிங்கப்பூர்க் குடிமகன் ஒருவரைக் கல்யாணம் செய்ய இருக்கிறவர்கள், கல்யாணத்துக்கு முன்பே நீண்ட கால பாஸ் கிடைக்கும் வாய்ப்பு எப்படி என்று மதிப்பீடு கேட்டு விண்ணப்பிக்கிற வசதியும் அங்கே இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் கல்யாணம் ஆகாமல் ஒரே வீட்டில் இருப்பதை 2020-ல் தளர்த்தினார்கள். அதை வைத்துத் துணைக்கு விசா கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். ஸ்பான்சர் செய்ய அத்தாட்சி பெற்ற கல்யாணச் சான்று கட்டாயம். இரண்டு பேரும் தனித்தனி வேலை விசாவில் இருந்தால்தான் அங்கே சேர்ந்து வாழ்க்கை ஓடும். மற்ற வளைகுடா நாடுகளில் பொதுவாக இந்த முயற்சியே வேண்டாம், சவுதி, குவைத்தில் சட்டம் கடுமையானது.

இந்தியாவுக்கு வருகிற பக்கம்

அவர் இங்கே வந்து உங்களோடு வாழ வேண்டும் என்றால்? கல்யாணம் ஆகாத துணைக்கு இந்தியா எந்த விசாவும் வைத்திருக்கவில்லை. சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் குஷ்பு வழக்கில் தெளிவாகச் சொன்னது, ஆனால் அது விசா வாங்கித் தராது. சுற்றுலா விசாவில் வரலாம், வேலை செய்ய முடியாது, எத்தனை நாள் தொடர்ந்து தங்கலாம் என்பது விசாவைப் பொறுத்தது. வெளிநாட்டவர் உங்கள் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தெரிவிக்க வேண்டும், முன்பு சி படிவம் என்று சொன்னார்கள், ஓட்டலாக இருந்தால் அவர்களே செய்துவிடுவார்கள், வீட்டில் என்றால் நீங்கள்தான். கல்யாணம் ஆனால் என்ட்ரி விசா கேட்கலாம். பதிவான கல்யாணம் இரண்டு வருடம் நிலைத்த பிறகு ஓசிஐ அட்டைக்கு, அதாவது வெளிநாட்டு பாஸ்போர்ட் உள்ளவர் இங்கே நீண்ட காலம் தங்க உதவுகிற அட்டைக்கு, விண்ணப்பிக்கலாம்.

மறைத்து வைத்த உறவும் ஆதாரமும்

இப்போது நான் மேலே தள்ளி வைத்த விஷயம். கல்யாணம் ஆகாத துணைக்கான எல்லா விசாவும் கேட்பது ஒரே வகை ஆதாரத்தை: ஒரே முகவரி, சேர்ந்த செலவு, உங்களை ஜோடியாக அறிந்த மனிதர்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் வருடக்கணக்கில் உழைத்து ஒளித்து வைப்பது சரியாக இதே மூன்றைத்தான். வாடகை ஒப்பந்தத்தில் ஒருவர் பெயர் மட்டும். போட்டோவில் ஒருவரை வெட்டிவிட்டுப் போடுவது. அம்மா பார்த்துவிடக் கூடாதென்று போன் சாட் செய்திகளை அழித்துக்கொண்டே வருவது. வீட்டில் கேட்டால் "ரூம்மேட்". ஐந்து வருடம் உண்மையாக வாழ்ந்த ஜோடியிடம் கடைசியில் காட்ட ஒரு காகிதம் இருக்காது, ஆறு மாதப் பழக்கம் உள்ளவரிடம் ஃபைல் நிறைய இருக்கும். இது அநியாயம்தான், ஆனால் அதிகாரிக்கு முன்னால் இருப்பது ஃபைல் மட்டும்.

அதனால் இன்றைக்கே ஆரம்பியுங்கள். வீட்டுக்குச் சொல்ல முடியாவிட்டாலும் பரவாயில்லை, ஆதாரம் சேர்ப்பதை நிறுத்தக் கூடாது. வெளிநாட்டிலோ சென்னையிலோ சேர்ந்து இருந்தால் வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு பெயரும் வரட்டும். கரன்ட் பில், இன்டர்நெட் பில்லில் ஒன்றாவது அவர் பெயரில் இருக்கட்டும். ஒருவருக்கொருவர் பணம் அனுப்பினால் கையில் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்புங்கள், எதற்கென்று ஒரு வரி எழுதுங்கள். சேர்ந்து போன பயணத்தின் டிக்கெட், போர்டிங் பாஸ், இரண்டு பேர் பெயரிலான ஓட்டல் ரசீது எல்லாம் வேண்டும். சாட் செய்திகளை அழிக்காமல் வேறு எங்காவது சேமித்து வையுங்கள், முழுவதையும் கொடுக்கத் தேவையில்லை, மாதத்துக்கு இரண்டு மூன்று பக்கம் என்று தொடர்ச்சி தெரிந்தால் போதும். இன்சூரன்ஸிலோ வங்கிக் கணக்கிலோ நாமினியாக ஒருவர் பெயரை மற்றவர் போட முடிந்தால் அது எதிர்காலப் பொறுப்புக்கு நல்ல சான்று.

மனிதர்கள் விஷயத்தில், அப்பா அம்மாவுக்குத் தெரியாது என்பதாலேயே விண்ணப்பம் விழுந்துவிடாது. அக்கா, சித்தி மகன், கல்லூரி நண்பர்கள், வேலை இடத்து ஆட்கள் என்று யாருக்காவது நீங்கள் ஜோடி என்று தெரிந்திருக்க வேண்டும், அவர்கள் எப்போதிலிருந்து எப்படித் தெரியும் என்று தேதியோடு கையெழுத்துப் போட்டு எழுதித் தர வேண்டும். பெற்றோரிடம் ஏன் சொல்லவில்லை என்பதை நீங்களே ஒரு பக்கம் எழுதுங்கள். சாதியா, மதமா, பயமா, உள்ளதை உள்ளபடி. நம் பக்கத்து நிலைமை தெரியாத ஓர் அதிகாரிக்கு அந்த ஒரு பக்கம்தான் விளக்கம். இதற்காகப் போலி வாடகை ஒப்பந்தம், நடித்து எடுத்த கல்யாண போட்டோ என்று யாராவது ஏற்பாடு செய்து தருவதாகச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பிரிட்டனில் ஏமாற்று என்று முடிவானால் பத்து வருடம் கதவு மூடிவிடும்.

தன்பாலின ஜோடிகளுக்கு இது இன்னும் கூர்மையானது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கல்யாண உரிமை தர மறுத்துவிட்டதால் இங்கே கல்யாணம் என்ற மாற்று வழியே இல்லை. ஆனால் கனடா, ஆஸ்திரேலியா, பிரிட்டன், நியூசிலாந்து, அமெரிக்காவின் கே-1 எல்லாமே பாலின வேறுபாடு பார்ப்பதில்லை. கனடாவின் கான்ஜுகல் வகை நியாயமாகப் பொருந்துவதும் இவர்களுக்குத்தான்.

கல்யாணமே நேர்வழி என்று தோன்றினால்

பல ஜோடிகளுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால் ரிஜிஸ்தர் கல்யாணம்தான் குறுகிய வழி. அதைத் தோல்வியாக எண்ண வேண்டாம், விசாவுக்காக மட்டும் ஒருவரை ஒருவர் நெருக்கவும் வேண்டாம். மதம் வேறு என்றாலோ, மதச் சடங்கு வேண்டாம் என்றாலோ 1954-ம் வருடச் சிறப்புத் திருமணச் சட்டம். இருவரில் ஒருவர் நோட்டீஸ் கொடுப்பதற்கு முன் 30 நாளாவது அந்த மாவட்டத்தில் வசித்திருக்க வேண்டும், நோட்டீஸ் பதிவாளர் அலுவலகத்தில் ஒட்டப்பட்டு 30 நாள் ஆட்சேபணைக்காகக் காத்திருக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் கல்யாணம் முடிக்க வேண்டும். வெளிநாட்டவர் விசாவை இந்தக் கணக்கை வைத்து எடுக்கச் சொல்லுங்கள், மூன்று வார லீவில் வந்தால் நடக்காது. நோட்டீஸ் பலகையைப் பார்த்து ஊருக்குச் செய்தி போகும் என்ற பயம் இருந்தால், தெரிந்தவர்கள் இல்லாத மாவட்டத்தில் வசித்து அங்கே கொடுக்கலாம், அல்லது அவர் நாட்டிலோ, வெளிநாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் 1969-ம் வருட வெளிநாட்டுத் திருமணச் சட்டப்படியோ செய்யலாம். இரண்டு பேரும் இந்துக்கள் என்றால், அவர் கனடியக் குடிமகனாக இருந்தாலும், கோவிலில் கல்யாணம் முடித்துப் பதிவு செய்யலாம். சடங்கு கோவிலில் நடந்தாலும் நிக்காஹ் ஆனாலும் சர்ச் ஆனாலும், தமிழ்நாட்டின் 2009-ம் வருடப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். ஜமாஅத் ஏட்டையோ கோவில் ரசீதையோ மட்டும் எந்தத் தூதரகமும் ஏற்காது.

எந்த வழியாக இருந்தாலும் சில காகிதங்கள் பொது. போலீஸ் சான்று பாஸ்போர்ட் சேவை மையம் வழியாக வரும், தஞ்சாவூரிலேயே மையம் இருக்கிறது. திருமணமாகாதவர் என்ற சான்றை இ-சேவையில் விண்ணப்பித்து வருவாய்த் துறையிடம் வாங்கலாம். பிறப்புச் சான்றில் பெயர் இல்லாமல் "பெண் குழந்தை" என்று மட்டும் இருந்தால் பெயரைச் சேர்க்க இப்போதே நகராட்சியிலோ பேரூராட்சியிலோ மனு கொடுங்கள், முதல் எழுத்து முன்னால் பின்னால் வருவது, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக ஆகிவிட்டது போன்றவற்றையும் சரிபாருங்கள். வெளிநாட்டில் காட்டுகிற சான்றுகளுக்கு அப்போஸ்டில் முத்திரை தேவைப்படும், அது மாநில அரசின் அத்தாட்சிக்குப் பிறகு வெளியுறவு அமைச்சகத்தில் கிடைப்பது. கட்டணமும் வருமான வரம்பும் அடிக்கடி மாறுகின்றன, ஆகவே பணம் கட்டுகிற வாரத்தில் அந்த நாட்டு அரசின் குடியேற்றத் தளத்தை நீங்களே திறந்து படியுங்கள். உதவி வேண்டுமானால் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் உரிமம் பெற்ற ஆலோசகர்களின் பட்டியலை அந்தந்த நாட்டின் அதிகாரபூர்வ ஒழுங்குமுறை அமைப்பு வெளியிட்டிருக்கிறது, உங்கள் ஏஜென்டின் பெயர் அதில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டுப் பிறகு முன்பணம் கொடுங்கள்.